பழைய கார் விளம்பரப் பொருள் கையில் கிடைத்தால்: அரிதா, என்ன பெறுமதி என்று படிப்படியாகக் கண்டுபிடிப்பது

அப்பப்பாவின் டிரங்குப் பெட்டிக்குள் ஒரு மொரிஸ் மைனர் புரோஷர் அகப்படும், அல்லது கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய பாட்ஸ் கடை ஒன்றின் பின்சுவரில் கஸ்ட்ரோல் ஒயில் விளம்பரப் பலகை ஒன்று கண்ணில் படும். உடனே போட்டோ எடுத்து "அண்ணா, இது எவ்வளவு போகும்?" என்று அனுப்பிவிடுவார்கள். விலை இந்த வேலையின் கடைசிப் படி. அதற்கு முன்னால் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விலையில் தொடங்குகிறவர் ஒன்றில் நல்ல சாமானை அரை விலைக்கு விட்டுவிடுகிறார், இல்லையென்றால் போன வருடம் அச்சடித்த தகரத்துக்கு ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்துவிட்டு வருகிறார். இரண்டையும் பல தடவை பக்கத்தில் நின்று பார்த்துவிட்டேன். அதனால் படிகளை வரிசையாக எழுதுகிறேன். வரிசையை மாற்றாதீர்கள், ஒரு படியில் கிடைக்கும் விடை இல்லாமல் அடுத்த படியைச் செய்ய முடியாது.

1. மேசையில் இருக்க வேண்டியவை

10 மடங்கு பெரிதாக்கும் நகைக்காரர் கண்ணாடி ஒன்று, செட்டியார் தெருவில் நகை வேலை செய்கிறவர்களிடம் கேட்டால் எங்கே வாங்கலாம் என்று சொல்வார்கள். கள்ள நோட்டுப் பார்க்கப் பாவிக்கும் சிறிய புற ஊதா டோர்ச் ஒன்று, அது புறக்கோட்டையில் கிடைக்கும். ஒரு சின்னக் காந்தம், அளவு நாடா, மென்மையான தூரிகை, கோடு போட்ட கொப்பி ஒன்று.

காகிதப் பொருள் என்றால் தெளிவான பொலியெஸ்டர் உறைகளும் வேண்டும். மலிவான பி.வி.சி. உறை வேண்டாம், கொழும்பு வெக்கையில் அது இளகி அச்சு மையைப் பிடித்து உரித்துக்கொண்டு வரும்.

2. முதலில் கையைக் கட்டுங்கள்: துடைக்கவும் கூடாது, லெமினேட் பண்ணவும் கூடாது

புதியவர்கள் செய்யும் பிழைகளில் திருத்தவே முடியாதது இதுதான். வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் 1950களின் டயர் கம்பனிக் கலண்டர் ஒன்றைக் காட்டினார்கள். பன்னிரண்டு தாளும் கிழியாமல் இருந்தது, வர்ணம் அப்படியே நேற்று அச்சடித்த மாதிரி. ஆனால் "பழுதாகாமல் இருக்கட்டும்" என்று மகன் அன்போடு கொண்டுபோய் ஒவ்வொரு தாளையும் லெமினேட் பண்ணியிருந்தார். சூட்டில் உருகிய பசை தாளுக்குள்ளேயே இறங்கிவிடும், பிரிக்கப் போனால் தாளும் சேர்ந்து வரும். அந்தக் கலண்டரை இனி யாரும் சேகரிப்புப் பொருளாக வாங்க மாட்டார்கள். அதை அந்தப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டி வந்தது எனக்கு இன்னும் மனதில் நிற்கிறது.

எனாமல் பலகையை (இரும்புத் தகட்டில் கண்ணாடிப் பூச்சைச் சுட்டுச் செய்தது) சாம்பலும் புளியும் போட்டு உரஞ்சுவது, கம்பிச் சுருளால் தேய்ப்பது, ஒயில் டின்னுக்கு மெழுகு பூசுவது எல்லாம் அதே வகை. மினுக்கம் போவது ஒரு நட்டம் என்றால், சாட்சி போவது இன்னொரு நட்டம். பின்பக்கத்துப் பென்சில் குறிப்பு, மங்கிப்போன இறப்பர் முத்திரை, ஓட்டைகளைச் சுற்றியுள்ள கறளின் நிறம், இவைதான் அடுத்த மூன்று படிகளுக்கும் உங்களுக்கு வேண்டிய ஆதாரம்.

தூசியைத் தூரிகையால் தட்டிவிட்டு முன்பக்கம், பின்பக்கம், நான்கு மூலை, அச்சகப் பெயர் இருக்கும் அடி விளிம்பு என்று பகல் வெளிச்சத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

3. இது என்ன சாமான், யாருக்காகச் செய்தது

கையில் இருப்பது விளம்பரப் பொருள்தானா என்று முதலில் பாருங்கள். வேர்க்‌ஷொப் கையேடு, காரோடு வரும் ஓட்டுநர் கைநூல், சங்க பேட்ஜ் எல்லாம் வேறு சந்தை, அவற்றைத் தேடுகிறவர்களும் வேறு. விளம்பரம் என்றால் எனாமல் பலகை, அச்சுத் தகரம், சுவரொட்டி, புரோஷர், கலண்டர், ஆஷ்ட்ரே, சாவி வளையம், மையொற்றும் அட்டை, பெற்றோல் கம்பனிகள் கொடுத்த வீதி வரைபடம், பம்பின் தலையில் நின்ற கண்ணாடிக் கோளம், இப்படி. ஒயில் டின் கணக்கில் பொதிதான், ஆனாலும் இந்தக் கூட்டத்தோடு சேர்த்துத்தான் வாங்கி விற்கிறார்கள்.

அப்புறம் யார் கைக்குப் போகச் செய்தது என்று கேளுங்கள். இந்தக் கேள்வியைப் பெரும்பாலானோர் கேட்பதே இல்லை, ஆனால் அரிதின் பாதி இதற்குள் இருக்கிறது. ஷோரூமுக்குள் வந்த எல்லோருக்கும் சும்மா கொடுத்த ஒற்றைத்தாள் ஒரு ரகம். உண்மையில் வாங்கப் போகிறவருக்கு மட்டும் மேசை இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்த தடித்த புரோஷர் இன்னொரு ரகம். வர்ண அட்டையும் ஆசனத் துணித் துண்டுகளும் ஒட்டிய மாதிரிப் புத்தகம் விற்பனையாளர் கையை விட்டு வெளியே போகவே கூடாதது, ஒரு முகவருக்கு ஒன்றிரண்டுதான் வரும், அடுத்த மொடல் வந்ததும் குப்பைக்குப் போகும். ஆகவே ஒரே காருக்கு மூன்று தாள் கிடைத்தால் மூன்றையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்காதீர்கள்.

4. காலத்தைக் கட்டுங்கள்

ஒற்றை ஆண்டைத் தேடாமல் இரண்டு வேலி போடுங்கள்: இதற்கு முன் இருந்திருக்க முடியாது, இதற்குப் பின் இருந்திருக்க முடியாது. ஒவ்வொரு தடயமும் ஒரு வேலியை உள்ளே தள்ளும்.

படத்தில் இருக்கும் காரிலிருந்து தொடங்குங்கள், அதுதான் சுலபம். மொரிஸ் மைனர் வந்தது 1948, நடுவில் பிரித்த முன்கண்ணாடி என்றால் 1956க்கு முந்தியது, வளைந்த ஒற்றைக் கண்ணாடி என்றால் அந்த ஆண்டு வந்த மைனர் 1000. போக்ஸ்வாகன் வண்டின் (பீட்டில் கார்) பின்கண்ணாடி இரண்டாகப் பிரிந்திருந்தால் 1953 மார்ச்சுக்குள், முட்டை வடிவம் என்றால் 1957 வரை. மினி 1959 ஓகஸ்டில் வந்தபோது அதற்கு ஒஸ்டின் செவன், மொரிஸ் மினி மைனர் என்று இரண்டு பெயர். ஒஸ்டின் செவன் என்ற பெயர் 1962இல் கைவிடப்பட்டது, அதனால் அந்தப் பெயரோடு மினியின் படம் இருக்கும் தாளுக்கு மிகக் குறுகிய வேலி.

கம்பனிப் பெயரும் பேசும். ஒஸ்டினும் மொரிஸும் ஒன்றாகி பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டர் கோர்ப்பரேஷன்) ஆனது 1952, பிரிட்டிஷ் லேலண்ட் ஆனது 1968. "வேக்ஃபீல்ட்" என்று கஸ்ட்ரோலோடு சேர்ந்து இருந்தால் 1960க்கு முந்தியது என்று எடுக்கலாம், அந்த ஆண்டுதான் கம்பனியே தன் பெயரைக் கஸ்ட்ரோல் என்று மாற்றியது. புரோஷரின் கடைசிப் பக்க அடியில் எறும்பளவு எழுத்தில் ஓர் இலக்கம் இருக்கும், சிலவற்றில் மாதமும் ஆண்டுமே இருக்கும். கண்ணாடியை வைத்துப் பார்க்காமல் கொப்பியை மூடாதீர்கள்.

இனி நம்முடைய ஊருக்கே உரிய தடயங்கள். வெளிநாட்டு வழிகாட்டிகள் எதிலும் இவை இருக்காது.

"சிலோன்" என்று இருந்தால் 1972 மே 22க்கு முந்தியது என்று எல்லோரும் உடனே சொல்வார்கள். அவசரப்படாதீர்கள். நாட்டின் பெயர் அன்று மாறியது உண்மை, ஆனால் கம்பனிப் பெயர்களிலும் வங்கிப் பெயரிலும் தேயிலையிலும் அந்தச் சொல் இன்றைக்கும் இருக்கிறது. முகவரியில் நாட்டின் பெயராக வருகிறதா, நிறுவனப் பெயரின் ஒரு துண்டாக வருகிறதா என்று பார்த்த பிறகுதான் வேலி போடலாம்.

ஷெல், கல்டெக்ஸ், எஸ்ஸோ கம்பனிகளின் பழைய பெற்றோல் நிலையப் பலகை இங்கே மாட்டியிருந்தது என்றால் இதற்குப் பின் இருந்திருக்க முடியாது என்ற வேலி மிக உறுதி. பெற்றோலியக் கூட்டுத்தாபனம் 1961இல் உருவாகி, அடுத்த மூன்று வருடத்துக்குள் அந்தக் கம்பனிகளின் எரிபொருள் வியாபாரம் முழுவதும் அரசின் கைக்குப் போய்விட்டது. ஆகவே 1971இல் வந்த, எழுத்தே தேவைப்படாத அளவுக்கு எளிமையான சிப்பிச் சின்னத்தோடு ஒரு ஷெல் பலகையைக் காட்டி "இது எங்கள் ஊர் பெற்றோல் ஷெட்டில் 1955இல் இருந்தது" என்று யாராவது சொன்னால் அது நடக்க முடியாத காரியம்.

விலை போட்டிருக்கிறதா? ரூபாவும் சதமும் இலங்கைக்கு 1872இலேயே வந்துவிட்டன, அதனால் சதம் இருப்பதால் பொருள் புதியது என்று ஆகாது. அணாவில் விலை இருந்தால் அது இந்தியப் பலகை, 1957க்கு முந்திய விலை. ஷில்லிங் இருந்தால் பிரிட்டிஷ் தாள், 1971 பெப்ரவரிக்கு முந்தியது. அணா போட்ட பலகையைக் "கொழும்பில் தொங்கியது" என்று விற்கப் பார்ப்பதை நானே இரண்டு தரம் கண்டிருக்கிறேன்.

இங்கே எடுத்த போட்டோவோடு வந்த விளம்பரம் என்றால் காரின் இலக்கத்தகட்டைப் பாருங்கள். சிங்கள "ஸ்ரீ" எழுத்து இருந்தால் 1950களின் கடைசிக்கு முன் போக முடியாது. அந்த எழுத்துக்கு எதிராக நடந்த போராட்டம் நம்மில் மூத்தவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். ஆங்கில எழுத்துகள் மட்டும் உள்ள பழைய தகடு இருந்தால் கார் அதற்கு முன் பதிவானது என்று மட்டும் தெரியும், படம் எப்போது எடுத்தது என்று தெரியாது.

கலண்டர் என்றால் ஆண்டே போட்டிருக்கும், ஆனாலும் ஒரு சோதனை உண்டு. 1966இலிருந்து 1971 வரை நம் நாட்டில் ஞாயிறு வாராந்த விடுமுறை இல்லை, பௌர்ணமி, அமாவாசை போன்ற பிறைக் கணக்கில் வரும் போயா தினங்கள்தான் விடுமுறை. அந்தக் காலத்து உள்ளூர்க் கலண்டரில் அதற்கேற்றபடிதான் நாட்கள் சிவப்பில் வரும். எல்லா ஞாயிறும் ஒழுங்காகச் சிவப்பாக, போயா ஒன்றுமே இல்லாமல் "1968 கொழும்பு ஷோரூம் கலண்டர்" என்று வந்தால், ஒன்றில் வெளிநாட்டில் அச்சடித்து இங்கே பெயர் மட்டும் ஒட்டியது, அல்லது அண்மையில் யாரோ செய்தது.

கடைசியாக எனக்கு மிகவும் பிடித்த தடயம், தமிழ் எழுத்து. ணை, லை, ளை, னை நான்கிலும் ஐகாரம் முன்னே தனியாக நிற்காமல் தும்பிக்கை போல எழுத்தின் தலையில் வளைந்து நிற்பதும், ணா, றா, னா மூன்றிலும் கால் தனியாக இல்லாமல் எழுத்தோடு சுழிந்து சேர்வதும் பழைய அச்சு வழக்கம். தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது 1978இல், இலங்கையில் அதற்குப் பிறகும் பல காலம் பழைய வடிவம் ஓடியது. "விலை", "விற்பனை", "தலைசிறந்த" போன்ற சொற்கள் விளம்பரத்தில் வராமல் இருக்காது. 1950களின் பலகை என்று சொல்லி அதில் "விற்பனை" என்பது இப்போது கம்பியூட்டரில் அடிக்கிற மாதிரியே இருந்தால் கடுமையாகச் சந்தேகப்படுங்கள். சீர்திருத்த எழுத்தைப் பெரியாரின் இதழ்கள் 1930களிலேயே பாவித்தன, அதனால் இதைக் கண்ணை மூடிக்கொண்டு சட்டமாக்க முடியாது. ஆனால் கார் கம்பனிக்கு அச்சடித்த அந்தக் காலத்துப் பலகையில் இதை நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

தொலைபேசி இலக்கத்தை விட்டுவிட்டேன். இலக்கம் குறுகக் குறுகக் காலம் பின்னுக்குப் போகும், அவ்வளவுதான். சரியான ஆண்டு வேண்டுமென்றால் கொழும்பு 7 தேசிய சுவடிகள் திணைக்களத்தில் ஃபேர்குசன் டிரெக்டரி என்ற பழைய சிலோன் விவரக்கொத்துத் தொகுதிகளையும் பழைய வீரகேசரி, தினகரன் இதழ்களையும் கேட்டுப் பாருங்கள். முகவரின் முகவரி எந்த வருடம் மாறியது என்று அங்கே பிடிக்கலாம்.

5. அசலா, பின்னாளில் செய்ததா

காலம் தெரிந்த பிறகுதான் இந்தக் கேள்விக்கு அர்த்தம், ஏனென்றால் அந்தக் காலத்தில் எப்படிச் செய்தார்கள் என்பதோடுதான் ஒப்பிட வேண்டும்.

எனாமல் என்பது இரும்புத் தகட்டின் மேல் கண்ணாடித் தூளைப் போட்டு 800 பாகை அளவில் சுட்டு உருக்கியது. ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாகச் சுட்டிருப்பார்கள். கண்ணை மூடி விரல் நுனியால் எழுத்தின் விளிம்பைத் தடவுங்கள், நிறம் மாறும் இடத்தில் ஒரு மெல்லிய படி தட்டுப்படும். உடைந்த இடத்தில் கண்ணாடி உடைந்த மாதிரிச் சிப்பி வடிவம் இருக்கும், அதன் கீழே கருமையான அடிப்பூச்சு, அதற்கும் கீழே இரும்பு. பின்பக்கமும் எனாமல் பூசியிருக்கும். காந்தம் ஒட்ட வேண்டும், தூக்கினால் பாரம் தெரிய வேண்டும்.

புதிதாகச் செய்த எனாமல் பலகைகளும் சந்தையில் நிறைய உண்டு, இந்தியாவிலிருந்து வருபவை சில திறமான வேலை. அவற்றைப் பிடிக்க ஓட்டைகளைப் பாருங்கள். உண்மையில் சுவரில் தொங்கிய பலகையில் ஆணி இறுக்கிய இடத்தில்தான் முதலில் எனாமல் தெறிக்கும், அங்கிருந்துதான் கறள் பரவும், அந்தக் கறள் கறுத்து இறுகியிருக்கும். பழையதாகக் காட்ட வேண்டும் என்று சுத்தியலால் தட்டி அமிலம் பூசியதில் சேதம் நடுப் பரப்பில் அழகாகப் பரவியிருக்கும், ஓட்டைகள் மட்டும் சுத்தமாக இருக்கும், கறள் செம்மஞ்சளாகத் தூள் தூளாக விரலில் வரும். அடி விளிம்பில் பர்மிங்ஹாமின் பேட்டன்ட் எனாமல் கம்பனி, வுல்வர்ஹாம்ப்டனின் குரோமோ போன்ற பெயர் இருந்தால் நல்லது, ஆனால் பெயரையும் சேர்த்துத்தான் நகல் எடுக்கிறார்கள். பெயரைக் கடைசியாக நம்புங்கள்.

காகிதத்துக்குக் கண்ணாடியை எடுங்கள். அந்தக் காலத்து ஒப்செட் அச்சில் நிறங்கள் ஒழுங்கான புள்ளி வரிசைகளாக, சின்னச் சின்னப் பூ வடிவத்தில் இருக்கும். எழுத்துகள் தனி மையில் ஓரம் கூர்மையாக நிற்கும். நகலை ஸ்கேன் பண்ணி அச்சடித்திருந்தால் கறுப்பு எழுத்துக்குள்ளும் நிறப் புள்ளிகள் நுழைந்திருக்கும், இன்க்ஜெட் என்றால் தெளித்த மாதிரி ஒழுங்கில்லாத பொட்டுகள். இதை ஒருமுறை பழகிவிட்டால் அரை நிமிட வேலை.

அப்புறம் அறையை இருட்டாக்கிப் புற ஊதா டோர்ச்சை அடியுங்கள். காகிதத்தை வெண்மையாகக் காட்டும் இரசாயனம் ஏறத்தாழ 1950க்குப் பிறகுதான் பரவலாகியது. 1930களின் சுவரொட்டி என்பது நீல வெள்ளையாகப் பளிச்சென்று ஒளிர்ந்தால் அது அந்தக் காலத் தாள் இல்லை. ஒளிராமல் இருந்தால் அசல் என்று முடிவு கட்டவும் வேண்டாம், அந்த இரசாயனம் இல்லாத தாள் இப்போதும் வாங்கலாம்.

நகல் அல்லாத இன்னொரு வில்லங்கம் உண்டு, கற்பனைப் பலகை. அந்தக் கம்பனி எந்தக் காலத்திலும் வெளியிடாத வடிவத்தைப் பழைய பாணியில் வரைந்து தகரத்தில் அடித்து விற்பார்கள். ஒப்பிட அசல் ஒன்றே இல்லாததால் "எங்குமே கிடைக்காத அபூர்வம்" என்று வாங்கியவர் நம்பிவிடுவார். எந்தப் பழைய பத்திரிகையிலும் போட்டோவிலும் அந்த வடிவம் தென்படவில்லை என்றால் சந்தோஷப்படுவதற்கு முதல் பயப்படுங்கள்.

6. அரிதா என்று எண்ணிப் பாருங்கள்

பழையது என்பதும் அரிது என்பதும் வேறு வேறு. சட்டர்டே ஈவினிங் போஸ்ட் போன்ற அமெரிக்க வாரப் பத்திரிகைகள் இலட்சக்கணக்கில் அச்சாகின, அவற்றிலிருந்து வெட்டிய 1930களின் கார் விளம்பரத் தாள்கள் சட்டம் போட்டு விற்கிற அளவுக்கு இன்றும் கிடைக்கின்றன. 1970களில் உபாலி குழுமம் இங்கேயே பொருத்திய உபாலி பியட், உபாலி மஸ்டா கார்களின் உள்ளூர்த் தாள் ஒன்றைத் தேடிப் பாருங்கள், அப்போது தெரியும் அரிது என்றால் என்னவென்று. நாற்பது வருடம் இளையது, ஆனால் அடித்ததே கொஞ்சம், இந்தத் தீவுக்கு வெளியே போனதும் இல்லை.

எவ்வளவு செய்தார்கள், எவ்வளவு மிஞ்சியது, எவ்வளவு அடிக்கடி வெளியே வருகிறது, இந்த மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். முதலாவதற்குப் பெரும்பாலும் எண் கிடைக்காது, ஊகிக்கலாம். 1960களிலிருந்து 1977இல் பொருளாதாரம் திறக்கும் வரை அந்நியச் செலாவணிக் கட்டுப்பாட்டால் புதுக் கார் இறக்குமதி நெருக்கடியில் இருந்தது. விற்கக் காரே இல்லாத முகவர் புரோஷர் வரவழைப்பாரா? ஆகவே அந்த இடைவெளிக் காலத்துக் கொழும்பு முத்திரை உள்ள தாள், 1950களின் தாளை விடக் குறைவாகத்தான் வரும்.

மிஞ்சியது என்பதற்கு நம் ஊரையே நினையுங்கள். ஈரக்காற்று, கறையான், இராமபாணப் பூச்சி. எனாமல் பலகைகள் கோழிக்கூட்டுக்குக் கூரையாகவும் கிணற்றுக்கு மூடியாகவும் போயின. தமிழ் எழுத்தோடு கொழும்பில் அச்சான கார் விளம்பரங்கள் என் கைக்கு மிகக் குறைவாகவே வந்திருக்கின்றன, 1983 ஜூலையில் கடைகளும் வீடுகளும் எரிந்தபோது எத்தனை அலுமாரிக் காகிதம் சேர்ந்து எரிந்திருக்கும் என்று யோசித்தால் காரணம் தேட வேண்டியதில்லை. அப்படியான ஒரு தாள் உங்கள் வீட்டில் இருந்தால், விற்கிறீர்களோ இல்லையோ, தயவுசெய்து முதலில் நல்ல ஸ்கேன் ஒன்று எடுத்து வையுங்கள்.

மூன்றாவதுக்குக் குறுக்கு வழி இல்லை. கொப்பியில் ஒரு பக்கம் ஒதுக்கி, இணைய ஏலங்கள், மருதானைப் பழைய புத்தகக் கடைகள், ஞாயிறு ஏல அறைகள், எங்கெல்லாம் அதே பொருளைக் கண்டீர்களோ திகதியோடு எழுதுங்கள். ஒரு வருடத்தில் பன்னிரண்டு தரம் கண்டால் அரிது என்ற சொல்லையே விடுங்கள். ஒரு தரமும் காணவில்லை என்றால் அடுத்த கேள்வி: யாரும் விற்கவில்லையா, அல்லது யாரும் கேட்கவில்லையா? அது எட்டாவது படிக்கு உரியது.

முத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கிலாந்தில் அச்சான மைனர் புரோஷர் உலகம் முழுக்க இருக்கிறது. அதே தாளின் பின்பக்கத்தில் யூனியன் பிளேஸ் முகவர் ஒருவரின் இறப்பர் முத்திரை விழுந்திருந்தால் அது கொழும்பின் தாள் ஆகிவிடுகிறது. சிலர் அதை "அழுக்கு" என்று அழிரப்பரால் தேய்க்கப் பார்ப்பார்கள், நெஞ்சு பதறும்.

7. நிலையை நேர்மையாக எழுதுங்கள்

"வயசுக்கு நல்லா இருக்கு" என்று எழுதினால் அது ஒரு தகவலே இல்லை. எனாமலில் எத்தனை இடத்தில் உடைந்திருக்கிறது என்பதை விட எங்கே உடைந்திருக்கிறது என்பது முக்கியம். ஓரத்தில் ஐந்து உடைவு தாங்கலாம், சின்னத்தின் நடுவில் ஒரு உடைவு பாதி விலையைத் தின்னும். மீண்டும் பெயின்ட் அடித்த இடங்களைப் புற ஊதா டோர்ச் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும், சுற்றியுள்ள எனாமலிலிருந்து அது வேறு நிறமாகத் தெரியும்.

புரோஷரில் பக்கங்களை எண்ணுங்கள். நடுவில் தைத்த புத்தகத்தில் பக்க எண்ணிக்கை நான்கால் பிரிபட வேண்டும், இல்லையென்றால் தாள் போயிருக்கிறது. உள்ளே தனியாகச் செருகிய விலைப் பட்டியல் இருக்கிறதா, ஊசிக் கம்பியின் கறள் தாளில் இறங்கியிருக்கிறதா, பூஞ்சண வாசம் வருகிறதா, பள்ளிக்கூடப் பிள்ளை படம் வெட்டியிருக்கிறதா (எத்தனை நல்ல புரோஷர்கள் அப்படிப் போயிருக்கின்றன!) என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். டின் என்றால் மூடி அசலா என்று மட்டும் மறக்காமல் பாருங்கள்.

8. யார் தேடுகிறார்கள்

அரிதான பொருளைக் கேட்க ஆள் இல்லாவிட்டால் அது அரிதாகவே அலுமாரியில் இருக்கும். கொழும்பில் காரை வைத்திருக்கிறவர்தான் அதன் காகிதத்தையும் தேடுகிறார். மைனர், மினி, வண்டு, பெஜோ 203, 403 இவற்றுக்கு எப்போதும் ஆள் உண்டு, ஏனென்றால் அந்தக் கார்கள் இன்னும் ஓடுகின்றன. சிங்கர், ஸ்டாண்டர்ட் போன்றவற்றின் தாள் குறைவாகத்தான் வருகிறது, ஆனால் கேட்கிறவர் அதைவிடக் குறைவு.

ஒரே பொருளுக்கு இரண்டு மூன்று கூட்டம் போட்டி போடும்போதுதான் விலை ஏறும். பெற்றோல் கம்பனி வெளியிட்ட பழைய சிலோன் வீதி வரைபடத்தைப் பெற்றோல் சாமான் சேர்ப்பவரும் கேட்பார், வரைபடம் சேர்ப்பவரும் கேட்பார், பழைய கொழும்பில் பாசம் உள்ள மனிதரும் கேட்பார். 1950களின் தொடக்கத்துப் போக்ஸ்வாகன் புரோஷர்களில் ஜெர்மன் ஓவியர் பேர்ன்ட் ரொய்ட்டர்ஸ் காரை நீட்டி வரைந்த படங்களை ஓவியத்துக்காகவே வாங்குகிறவர்கள் உண்டு, அவர்களிடம் கார் இருக்க வேண்டும் என்றில்லை.

9. இப்போது விலை

கேட்ட விலையை எழுதாதீர்கள், விற்ற விலையை மட்டும் எழுதுங்கள். இணையத்தில் ஒருவர் மூன்று வருடமாக அதே தொகையைப் போட்டு வைத்திருக்கிறார் என்றால் அந்த விலைக்கு அது போகாது என்பதைத்தான் அது காட்டுகிறது. ஏலத் தளங்களில் முடிந்த விற்பனைகளை மட்டும் வடிகட்டிப் பார்க்க வசதி உண்டு, அதைப் பழகிக்கொள்ளுங்கள்.

ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன், எண்கள் உதாரணத்துக்குத்தான். உங்களிடம் உள்ள மைனர் 1000 புரோஷர் இங்கிலாந்தில் மூன்று தடவை 10, 12, 19 பவுணுக்கு விற்றிருக்கிறது என்று வையுங்கள். 19க்குப் போனதில் விலைப் பட்டியலும் உறையும் இருந்தது, உங்களுடையதில் இல்லை, அதை ஒதுக்குங்கள். மிஞ்சிய இரண்டும் மடியாதவை, உங்களுடையதில் ஒரு மடிப்பும் கறள் கறையும் உண்டு, ஆகவே 7 அல்லது 8. இதுதான் அடித்தளம். அதன் மேல் கொழும்பு முகவர் முத்திரைக்கு எவ்வளவு சேர்ப்பது? இங்கிலாந்துக்காரர் அதற்கு ஒரு சதமும் தர மாட்டார், இங்கே மைனர் வைத்திருப்பவர் இரண்டு மடங்கு தரலாம். அப்படியென்றால் அதை இங்கேதான் விற்க வேண்டும். எங்கே விற்பது என்ற முடிவும் இந்தக் கணக்கிலிருந்தே வரும், அதனால்தான் கணக்கை விற்பனைக்கு முன்னால் போடச் சொல்கிறேன்.

ரூபாக் கணக்கில் பழைய விற்பனைகளை ஒப்பிடும்போது 2022ஐ மறக்காதீர்கள். ஒரு டொலர் 200 ரூபா அளவிலிருந்து சில வாரங்களில் 360க்கு மேலே போன வருடம் அது. 2021இல் 20,000 ரூபாவுக்குப் போன பலகையை வைத்து இன்றைய விலையை அப்படியே சொன்னால் விற்பவர்தான் ஏமாறுவார். அன்றைய டொலருக்கு மாற்றி, பிறகு இன்றைய ரூபாவுக்குக் கொண்டுவாருங்கள்.

இரண்டு எண்களை எழுதி வையுங்கள்: நாளைக்கே ஒரு வியாபாரியிடம் கொடுத்தால் கிடைப்பது, பொறுமையாக ஒரு சேகரிப்பாளரைத் தேடிக் கொடுத்தால் கிடைப்பது. வியாபாரி பாதி விலை சொன்னால் கோபப்பட வேண்டாம், அவர் அதை மாதக்கணக்கில் வைத்திருக்க வேண்டும், கடை வாடகை கட்ட வேண்டும். ஆனால் இரண்டு எண்ணும் தெரியாமல் கடைக்குள் போகாதீர்கள். எனாமல் பலகையை வெளிநாட்டுக்கு அனுப்புவதென்றால் பாரத்துக்கும் மரப்பெட்டிக்கும் ஆகும் செலவு சில நேரம் பலகையின் விலையையே தொடும், அதைக் கழித்த பிறகுதான் மிச்சம். மிகப் பழைய பொருளை நாட்டுக்கு வெளியே அனுப்ப முன்னர் தொல்லியல் திணைக்களத்தில் அனுமதி தேவையா என்று கேட்டுவிடுங்கள்.

10. கதையை எழுதி வாங்குங்கள்

பலகையை வாங்கும்போது விற்கிறவரிடம் நிதானமாகக் கதையுங்கள். "ஐயா, இது எங்கே மாட்டியிருந்தது?" என்று கேட்டால் பெரும்பாலும் சொல்வார். கொட்டாஞ்சேனையில் ஒரு முதியவர், "தம்பி, இது என்ட மாமாட கராஜ் வாசல்ல இருந்தது, பஸ் ஒண்டு பின்னால எடுக்கேக்க இந்த மூலை வளைஞ்சது" என்று சொன்னார். அந்த வளைவை நான் முதலில் குறையாகத்தான் எழுதியிருந்தேன். கராஜ் இருந்த தெரு, மூடிய வருடம், அவர் சொன்ன வார்த்தைகள், எல்லாவற்றையும் அன்றைக்கே எழுதி, அவர் கொடுத்த பழைய போட்டோவின் பிரதியையும் சேர்த்து வைத்தேன். வாசலில் பலகை தெரிகிற அந்த ஒரு போட்டோ ஐந்தாவது படியின் பாதி வேலையைச் செய்துவிட்டது, பிறகு அதைப் பார்க்க வந்தவர் காந்தத்தையே எடுக்கவில்லை.

எழுதிய தாளைப் பலகையின் பின்னால் ஒட்டாதீர்கள். தனி உறையில், அதே அலுமாரியில், தரையிலிருந்து ஓரடி உயரத்தில் வையுங்கள். கறையான் முதலில் கீழ்த்தட்டுக்குத்தான் வரும்.